முதற்கதிரோடு வடக்கே

ஆகஸ்ட் 10, 2005. காலை ஆறரை மணிக்கு ஹொல்ம்லியா நிலையத்தில் ரயில் ஏறினேன். ஊர் முழுக்க ஒஸ்லோ பக்கம் போகும் மேடையில் நிற்க, எதிர் மேடையில் நானும் ஒரு தபால்காரரும் மட்டும் நின்றோம். முதுகில் ஒரு பை, கையில் மனைவி மெற்றில்டா கட்டித் தந்த இடியப்பப் பார்சல். ஷீ என்ற இடத்தில் வண்டி மாறி ரக்கஸ்டாட் போய் இறங்க எட்டு மணி தாண்டிவிட்டது. தூரம் எண்பது கிலோமீற்றர் சொச்சம், பயணச்சீட்டு 118 குரோனர்.

பதினான்கு வருடமாக ஒஸ்லோ மத்தியில் ஏழு மாடி அலுவலகம் ஒன்றைத் துப்புரவு செய்பவன் நான். கட்டடத்தைத் திருத்தப் போகிறோம், ஒக்டோபர் வரை உனக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்தால் மெற்றில்டாவின் சமையலறையைத் துடைத்துத் துடைத்தே அவளிடம் ஏச்சு வாங்குவேன். அந்தக் கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது றெஜினா என்னைப் பிடித்தாள். எங்களோடு கோயிலுக்கு வரும் குடும்பத்துப் பிள்ளை, இங்கேயே பிறந்தவள், வயது இருபத்து நான்கு. விவசாயம் படிக்கிறாள். கோடை காலத்தில் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறாள்.

"மாமா, எங்கடை ஷெல்லுக்கு ஒரு ஆள் தேவை. மெஷின் ஓட்ட இல்லை. துடைக்க."

"மெஷின் துடைக்க ஒரு ஆளோ?"

"ஓம். அதுதான் பெரிய வேலை. வந்து பாத்தாத் தெரியும்."

நோர்வேயில் கோதுமை விளைகிறதா என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். தெற்கே விளைகிறது, அதுவும் நிறையவே. ஒஸ்லோவுக்குக் கீழே ஆகஸ்ட் நடுவில் முற்றும் தானியம் வடக்கே துரொண்ட்ஹெய்ம் பக்கம் முற்ற செப்டெம்பர் ஆகிவிடும். சொந்தமாக இயந்திரம் வைத்திருக்காத கமக்காரர்களுக்காக, தெற்கிலிருந்து வடக்கே கதிரைத் தொடர்ந்து போய் அறுத்துக் கொடுப்பதுதான் றெஜினாவின் முதலாளி ஷெல்லின் தொழில். அவருக்கு வயது ஐம்பத்தைந்து, பேச்சு குறைவு. இரண்டு இயந்திரங்கள் வைத்திருந்தார். ஒன்றை அவர் ஓட்ட, மற்றதை றெஜினா ஓட்டினாள். இயந்திரங்களை ஏற்றிச் செல்லும் லொறியைத் தோமெக் என்ற போலந்துக்காரர் ஓட்டினார். நாலாவது ஆள் நான். எனக்கு ஒரு பழைய வெள்ளை வான் வண்டி. அதற்குள் காற்றடிக்கும் கொம்பிரசர், ஐம்பது மீற்றர் குழாய், ஒரு பெட்டி நிறையத் தூரிகைகள். அவர்கள் நோர்வேஜிய மொழியில் சொன்னவற்றை நான் இங்கே எங்கள் பேச்சிலேயே தருகிறேன்.

முதல் நாள் பகல் பன்னிரண்டு மணி வரை ஒருவரும் வேலை தொடங்கவில்லை. பனி காய வேண்டும். ஷெல் ஒவ்வொரு கால் மணிக்கும் வயலுக்குள் இறங்கி, ஒரு கதிரை உள்ளங்கையில் கசக்கி, தானியத்தை ஈரம் அளக்கும் சின்னக் கருவியில் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். மன்னாரில் என் தகப்பன் நெல்லு வெட்டியபோது விடியப்புறமே ஆள் இறங்கிவிடும். இங்கே வெயிலைக் காத்துக்கொண்டு கோப்பி குடிப்பதே அரை நாள் வேலை. கருவி ஈரம் பதினெட்டு வீதம் என்று காட்டியதும் ஷெல் மிச்சக் கோப்பியைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்தார். அதன் பிறகு எட்டு மணி நேரம் ஒருவரும் நிமிரவில்லை.

அன்று பின்னேரம் மெற்றில்டா தொலைபேசி எடுத்தாள். அவளுக்கு முதற் கேள்வி சாப்பாடு, இரண்டாவது கேள்வி இது.

"புதிர் எடுத்தனீங்களே?"

"இது கோதுமையப்பா."

"கோதுமையெண்டா என்ன? முதல் கதிர் மாதாவுக்குத்தான். கையாலை தொட்டு வேலை செய்யிற விளைச்சல். எடுத்து வையுங்கோ."

புதிர் என்பது முதற்கதிர். அறுவடையின் முதல் நாள் ஒரு கைப்பிடி கதிரை வீட்டுக்குக் கொண்டுவந்து படத்தடியில் கட்டிவிட்ட பிறகுதான் மிச்ச வேலை. சைவக்காரர் தங்கள் சாமிக்குக் கட்டுவார்கள், நாங்கள் மாதாவுக்குக் கட்டுவோம். நான் வரம்போரமாக நடந்து, இயந்திரம் இன்னும் தொடாத மூலையில் ஒரு கைப்பிடி பிடுங்கினேன். கோதுமைக் கதிர் ஒரே உயரம், ஒரே நிறம். பார்க்க அவ்வளவு அழகில்லை. நடுவில் ஒன்று மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே தலை நீட்டி, மெல்லிய காம்புகளில் மணிகளைத் தொங்கவிட்டபடி ஆடிக்கொண்டு நின்றது. வடிவாக இருக்கிறதே என்று அதையும் சேர்த்துக் கட்டினேன். வான் வண்டிக்குள் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் மடு மாதாவின் படம் ஒட்டியிருந்தேன். அதற்கருகே தூரிகைப் பெட்டிக்கு நேர் மேலே கொத்தைத் தொங்கவிட்டேன். என் வண்டிக்குள் வேறு ஒருவரும் ஏறுவதில்லை.

ஆகஸ்ட் 16. ரக்கஸ்டாட்டில் வேலை முடிந்தது. அன்றுதான் என் வேலை உண்மையில் தொடங்கியது. ஷெல் தன் பட்டியலைக் காட்டினார். நாங்கள் அறுத்த கமத்தின் பெயருக்கு எதிரே சிவப்புப் புள்ளி ஒன்று. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலை எடுத்தார். உள்ளே மூன்று விதைகள். கபில நிறம், அடியில் மயிர், முதுகில் முழங்கைபோல் வளைந்த ஒரு மீசை.

"காட்டு ஓட்ஸ்," என்றார். "கோதுமையைத் தின்கிற களை. ஒரு விதை விழுந்தால் பத்து வருடம் மண்ணுக்குள் கிடந்து முளைக்கும். சிவப்புப் புள்ளி வயலில் இது இருக்கிறது. நாங்கள் அடுத்த வயலுக்கு இதைக் கொண்டுபோகக் கூடாது. வைக்கோல் துண்டுகூடப் போகக் கூடாது. ஸ்டாங்கவில் பெரித் என்றொரு அம்மா இருக்கிறார். விதைக் கோதுமை போடுகிறார். அவருடைய வயலில் ஒன்று கண்டாலும் விதைக்கான அனுமதி போய்விடும். முப்பது வருடமாக அவர் வயலுக்குள் இறங்கும் வெளி இயந்திரம் என்னுடையது மட்டும்தான்."

சுத்தம் என்றால் எனக்குச் சொல்லித் தர வேண்டுமா என்ற திமிர் எனக்கு உண்டு. நான் துடைத்த மாடித் தரையில் பாண் துண்டை வைத்துச் சாப்பிடலாம் என்று பதினான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிபவன். ஆனால் அறுவடை இயந்திரம் கட்டடம் இல்லை. அதற்குள் சல்லடைக்குக் கீழே சல்லடை, வாருக்குப் பின்னால் வார், தானியத் தொட்டியின் ஒவ்வொரு மடிப்பிலும் உமி. மேலிருந்து கீழாகக் காற்றடிக்க வேண்டும். பிறகு தூரிகை, பிறகு வெறுங்கை, பிறகு மறுபடி காற்று. ஓர் இயந்திரத்துக்கு மூன்று மணி நேரம். மூக்குக்குள் தூசி ஒரு கிழமை இருந்தது. நான் முடித்ததும் ஷெல் ஒரு விளக்கோடு உள்ளே புகுந்து, இருபது நிமிடம் கழித்து வெறுங்கையோடு வெளியே வந்தார். தலையை ஒருமுறை ஆட்டினார். அது அவருடைய பெரிய பாராட்டு என்று றெஜினா பிறகு சொன்னாள்.

ஆகஸ்ட் 18 முதல் 26 வரை ருமேரிக்கவில் நேஸ் என்ற பகுதி. மூன்று கமங்கள், மூன்று துப்புரவுகள். இரண்டு நாள் மழை பெய்து, நாங்கள் படுக்கும் கூண்டு வண்டிக்குள் அடைந்து கிடந்தோம். தோமெக் முட்டைக்கோவாக் கறி வைத்தார், நான் மிளகாய்த் தூள் போட்டேன், ஷெல் கண்ணில் நீர் வழிய இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். பெற்றோல் நிலையத்தில் சொசேஜும் கோப்பியும் 39 குரோனர். அதைத் தவிர எழுதத் தக்கதாக அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

ஆகஸ்ட் 28. நேஸிலிருந்து ஸ்டாங்க எழுபது கிலோமீற்றர். மியோசா ஏரியை இடது பக்கம் பார்த்தபடி காலை எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரித் அம்மா பாதையோரச் சீமெந்துத் தளத்தில் காத்துக்கொண்டு நின்றார். அறுபது வயதிருக்கும், நீல மேலங்கி, கழுத்தில் கயிற்றோடு மூக்குக் கண்ணாடி. கணவர் இறந்த பின் நாற்பத்தைந்து ஏக்கரைத் தனியே பார்க்கிறவர். எங்கள் இயந்திரங்களை வயலுக்குள் விட முன்னர் தானே சோதிப்பது அவர் வழக்கம். நிலத்தில் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு மூடியையும் திறந்து, கையை முழங்கை வரை விட்டுத் தடவினார். இரண்டு மணி நேரம் பிடித்தது. கடைசியில் துணியைத் தூக்கி வெயிலில் பார்த்தார். தூசி மட்டும்தான்.

"யார் துடைத்தது?" என்று கேட்டார். ஷெல் என்னைக் காட்டினார்.

"நல்லது," என்றார் பெரித்.

எனக்கு மனம் குளிர்ந்து போயிற்று. பனி காய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எல்லோரும் வாசற் படியில் கோப்பிக்கு இருந்தார்கள். வானொலியில் மறுநாள் பின்னேரம் தொடக்கம் மழை என்று சொன்னார்கள். அதற்குள் இரண்டு இயந்திரமும் ஓடினால் வயல் முடிந்துவிடும் என்று ஷெல் கணக்குப் பார்த்தார். நான் தூரிகையை எடுத்துவைக்க வான் வண்டியின் பின்கதவைத் திறந்தேன். பெட்டியை இழுத்தேன். மேலே இருந்த தூரிகையின் மயிர்களுக்கிடையே ஒரு விதை குத்திக்கொண்டு நின்றது. கபில நிறம். முழங்கைபோல் வளைந்த மீசை.

நிமிர்ந்து பார்த்தேன். பதினெட்டு நாளாக மாதாவுக்குப் பக்கத்தில் தொங்கிய கொத்தின் நடுவே, நான் வடிவென்று சேர்த்துக் கட்டியது வெறும் கூடுகளாகக் காய்ந்து நின்றது. போத்தலில் விதையைப் பார்த்திருக்கிறேன், செடியைப் பார்த்ததில்லை. வழி நெடுக எல்லா இயந்திரங்களையும் துடைத்த பெட்டிக்கு மேலே அதை நானே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

விதையைக் கைக்குள் மூடிக்கொண்டு படிக்கு வந்து உட்கார்ந்தேன். ஒரு கையில் கோப்பி, மற்றக் கையில் அது. பெட்டியைச் சாத்திவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். ஒரு கோப்பி குடிக்கும் நேரம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். பிறகு பக்கத்திலிருந்த றெஜினாவுக்குக் கையைத் திறந்து காட்டினேன். எங்கள் மொழி அங்கே வேறு ஒருவருக்கும் விளங்காது.

அவள் கோப்பியைக் கீழே வைத்தாள். "எங்கை இருந்தது?"

"என்ரை வானுக்குள்ளை. புதிரோடை நான்தான் பிடுங்கிக் கட்டினனான்."

"மாமா, இதைச் சொன்னா ஷெல்லை இனி ஒருத்தரும் கூப்பிட மாட்டினம்."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாது." என் உள்ளங்கையிலிருந்த விதையைப் புரட்டிப் பார்த்தாள். "அடுத்த யூலையிலை வயலுக்குத் தெரியும். நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லவோ?"

"நான் சொல்லுறன்."

எழுந்து போய் பெரித் அம்மாவின் முன் கையை விரித்தேன். என் நோர்வேஜிய மொழி துடைப்பத்துக்கும் வாளிக்கும் பழகியது. முதற்கதிரையும் மாதாவையும் அதற்குள் அடக்கிச் சொல்வதற்குள் வியர்த்துவிட்டது. அவர் முழுக்கக் கேட்டார். மூக்குக் கண்ணாடியைப் போட்டு விதையைப் பார்த்தார். பிறகு கொத்தைக் கேட்டார். காம்பை மெதுவாகச் சுழற்றி வெறும் கூடுகளை எண்ணினார்.

"பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு விதை."

நானும் றெஜினாவும் வான் வண்டியை அங்கேயே கொட்டிக் கவிழ்க்காத குறையாகத் தேடினோம். கையில் கிடைத்தது எல்லாமாக ஒன்பது.

"மிச்சம் பதின்மூன்று," என்றார் பெரித். "நீ பிடுங்க முதலே ரக்கஸ்டாட்டில் விழுந்திருக்கலாம். விழாமலும் இருந்திருக்கலாம்."

ஷெல் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நாங்கள் போகிறோம், பெரித்," என்றார்.

"போய்? கோதுமை நிற்கிறது, மழை வருகிறது. வான் வண்டியை வெளியே பாதையில் விடுங்கள். இரண்டு மெஷினையும் திரும்பத் துடையுங்கள். என் தூரிகை, என் கொம்பிரசர். அவன் துடைக்கட்டும், நான் பக்கத்தில் நிற்பேன்."

அவர் சொன்னபடியே பக்கத்தில் நின்றார். மற்றவர்கள் மூடிகளைக் கழற்றித் தர, நான் பதினொரு மணியிலிருந்து பின்னேரம் ஐந்தரை வரை துடைத்தேன். மேலே ஒரு மேகம்கூட இல்லை. கோதுமை சலசலவென்று காய்ந்து நின்றது. அன்று அறுக்கக் கூடிய அருமையான நாள் என் தூரிகைக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

ஐந்தரைக்கு இயந்திரங்கள் இறங்கி, பனி விழும் வரை அறுத்தன. மறுநாள் பதினொரு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பதினைந்து ஏக்கர் மிச்சம். மழை நாலு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் பெரித் ஒரு கதிரைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினார். காம்பில் நின்றபடியே தானியம் முளை விட்டிருந்தது. அது விதைக்கும் உதவாது, பாண் சுடும் மாவுக்கும் உதவாது. மாட்டுத் தீனியாக அறுத்துக் கொடுத்தோம்.

செப்டெம்பர் 5. நாங்கள் புறப்பட ஆயத்தமானபோது பெரித் என்னிடம் வந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

"யூலையில் காட்டு ஓட்ஸ் பயிருக்கு மேலே தலை நீட்டும். அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். நான் ஒவ்வொரு வருடமும் நடந்து பார்ப்பேன். வருகிற வருடம் நீ வந்து நட. விழுந்திருந்தால் நீயே கண்டுபிடி."

"வாறன்," என்றேன்.

வடக்கே போன பயணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் மனம் அதில் இல்லை. டோவ்ரா மலை தாண்டி நானூற்றைம்பது கிலோமீற்றர், லொறி வேகத்தில் ஒன்பது மணி நேரம். துரொண்ட்ஹெய்முக்கு அப்பால் ஃப்ரொஸ்டாவில் கடலுக்குப் பக்கத்தில் பார்லி அறுத்தோம். அறுக்கும்போதே தூரத்து மலையில் முதற் பனி தெரிந்தது. ஷெல் என்னை அனுப்பிவிடவில்லை. நாலாம் நாள் "கோப்பி?" என்று கேட்டார். அதுவரை அதுவும் கேட்கவில்லை. செப்டெம்பர் 22ஆம் திகதி ரயிலேறி வீட்டுக்கு வந்தேன். நடந்ததைக் கேட்ட மெற்றில்டா, "நான் சொல்லப்போய்த்தானே" என்று அழுதாள். "நீ கதிர் எண்டுதான் சொன்னனீ, வடிவானதைப் பிடுங்கெண்டு சொல்லேல்லை" என்றேன்.

யூலை 14, 2006. ஒஸ்லோவிலிருந்து ஸ்டாங்கவுக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம், சீட்டு 196 குரோனர். புறப்படுவதற்கு முன் மாடி முகப்பில் நின்று சப்பாத்தைத் தட்டித் தட்டித் துடைத்தேன். அங்கே போனால் அந்தச் சப்பாத்துக்கே இடமில்லை. வெளியார் காலணி வயலுக்குள் இறங்கக் கூடாது என்று பெரித் ஒரு சோடி றப்பர் சப்பாத்துத் தந்தார். புதியது, என் அளவு நாற்பத்தொன்று. எப்படித் தெரியும் என்று கேட்டேன். போன வருடம் சீமெந்துத் தளத்தில் உன் ஈரக் காலடி இருந்ததே என்றார்.

இம்முறை வயலில் பார்லி. உழவு இயந்திரச் சக்கரம் போன தடங்களில் நடந்து, இரு பக்கமும் பார்க்க வேண்டும். ஒரு தடத்துக்கும் மறு தடத்துக்கும் பன்னிரண்டு மீற்றர். நாற்பத்தைந்து ஏக்கருக்கும் இரண்டு நாள் பிடித்தது. முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் பகல் இரண்டு மணிக்கு, போன வருடம் இயந்திரங்கள் வயலுக்குள் இறங்கிய அதே நுழைவாயிலுக்குப் பக்கத்தில், பார்லிக்கு மேலே ஒன்று தலை நீட்டி ஆடிக்கொண்டு நின்றது. மெல்லிய காம்புகளில் தொங்கும் மணிகள்.

அந்த இடத்திலிருந்து வீடு அறுநூறு மீற்றர். சுற்றவர ஒருவரும் இல்லை. பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. அப்படி ஓர் எண்ணம் வரவில்லை என்று எழுதினால் பொய். வேரோடு பிடுங்கிப் பொலித்தீன் பைக்குள் கட்டி, அந்த அறுநூறு மீற்றரையும் நடந்தேன். பெரித் அம்மாவின் முப்பது வருடத்தை என் கையில் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று நினைத்தேன். சமையலறை மேசையில் வைத்தேன்.

பெரித் கண்ணாடியைப் போடக்கூட இல்லை. ஒரு மணியை நகத்தால் உரித்து என் பக்கம் தள்ளினார்.

"வளைவு இல்லை. மயிர் இல்லை. இது காலையில் கஞ்சி வைக்கிற ஓட்ஸ். பறவை போட்டிருக்கும்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் எனக்குக் கோப்பி ஊற்றினார்.

"மூன்று நாளைக்கு முதல் நான் அதைப் பார்த்தேன்," என்றார். "விட்டு வைத்தேன்."

"ஏன்?"

"நீ காண்பாயா என்று பார்க்க." சீனிப் போத்தலை நகர்த்தி வைத்தார். "கண்டால் கொண்டுவருவாயா என்றும்."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நிமிடத்தில் சிரிப்பும் வந்தது. அவர் சிரிக்கவில்லை. பத்து வருடத்துக்கு யூலையில் வர வேண்டும், மண் மறக்க அவ்வளவு காலம் எடுக்கும் என்றார். சரி என்றேன்.

ஐந்து மணி ரயிலுக்கு நேரமாயிற்று. வாசலில் றப்பர் சப்பாத்தைக் கழற்றி, குழாயடியில் கழுவி, அவரிடம் நீட்டினேன். அவர் மேலங்கிப் பையிலிருந்து கறுப்பு மைப் பேனையை எடுத்து, இரண்டு சப்பாத்தின் வாயிலும் டாஸ் என்று பெரிதாக எழுதினார். என் பெயரை அவர் அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவார். பிறகு அவற்றை, எப்போதாவது வந்து போகும் தன் பிள்ளைகளின் சப்பாத்துகள் இருந்த தட்டிலேயே கடைசியில் வைத்தார். ஒஸ்லோவில் பதினைந்து வருடமாக ஏழு மாடிகளைத் துடைத்து வருகிறேன். அந்த ஏழு மாடியிலும் என் பெயர் எழுதிய பொருள் ஒன்றுகூட இல்லை.